மாணவர் வரைந்த வாழ்த்து அட்டைகளை விற்றுப் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து மூன்று பண்டிகைகள் வருகின்றன. அந்தச் சமயத்தில் பிள்ளைகள் வரைந்த படங்களை அட்டையாக அச்சிட்டு விற்று, கிடைக்கும் பணத்தில் அவர்களை ஒரு கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகலாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இந்த யோசனையை யார் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டியவர்களில் வேலைக்கு வருபவர்கள் நான்கு பேர்தான். அந்த நால்வரில் நீங்களும் ஒருவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர். அச்சகம், வங்கி, அஞ்சலகம், பஸ் உரிமையாளர் என்று அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். நேரமில்லாதவர்கள் 5ஆம் படியை மட்டுமாவது படித்துவிடுங்கள். பணம் கிடைப்பதும் கரைவதும் அங்கேதான்.

1. அட்டையைப் பிறகு பார்க்கலாம், முதலில் பயணச் செலவைக் கேளுங்கள்

எத்தனை அட்டை விற்க வேண்டும் என்பதைப் பயணச் செலவுதான் சொல்லும். ஆகவே முதல் வேலை, எங்கே போகிறோம், எந்த நாளில் போகிறோம், எத்தனை பேர் போகிறோம் என்று முடிவு செய்வது. செலவுப் பட்டியலில் பஸ் வாடகையோடு ஓட்டுநர் படி, சுங்கக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், உணவு, குடிநீர், நுழைவுச்சீட்டு, முதலுதவிப் பெட்டி, கைச்செலவுக்கு ஒரு தொகை எல்லாம் வர வேண்டும். புதுச்சேரிக்கோ கேரளத்துக்கோ எல்லை தாண்டினால் பஸ்ஸின் பெர்மிட்டைப் பொறுத்துத் தனி அனுமதியும் வரியும் தேவைப்படலாம். வாடகை பேசும்போது இவை உள்ளடக்கமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் புறப்படுகிற அன்று காலையில் சொல்வார்கள்.

குறையக்கூடிய செலவுகளும் உண்டு. மாமல்லபுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் சிலர் 15ஐத் தொட்டிருப்பார்கள் என்பதால், பிறந்த தேதி உள்ள பள்ளி அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ரயிலில் போவதாக இருந்தால் கல்விச் சுற்றுலாச் சலுகை உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு கழிவு கிடைக்கும். தலைமையாசிரியரின் கடிதத்தோடு ரயில் நிலையத்துக்கு முன்கூட்டியே போய்க் கேட்க வேண்டும். புறப்படும் நாளில் டிக்கெட் சன்னலில் நின்று கேட்டால் நடக்காது.

நாளைக் குறிக்கும்போது வார விடுமுறையைப் பாருங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை. காணும் பொங்கலை ஒட்டிய நாட்களில் இரண்டு இடங்களுக்கும் போகாதீர்கள். பிள்ளைகளை எண்ணுவதிலேயே பொழுது போய்விடும்.

இப்போது கணக்கு. கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

50 மாணவர்கள், மொத்தச் செலவு 44,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 400 ரூபாய் வீதம் பெற்றோர் தருவது 20,000. மீதி 24,000 அட்டையிலிருந்து வர வேண்டும். ஓர் அட்டைக்கு அச்சு 5 ரூபாய், உறை 2 ரூபாய், வெட்டி மடிப்புக் கோடு போட 1 ரூபாய்; அடக்கவிலை 8 ரூபாய். 20 ரூபாய்க்கு விற்றால் அட்டைக்கு 12 ரூபாய் நிற்கும். 24,000ஐ 12ஆல் வகுத்தால் 2,000 அட்டைகள். ஐந்து அட்டை கொண்ட கட்டு 100 ரூபாய் என்றால் 400 கட்டுகள். 50 குடும்பங்கள் என்றால் குடும்பத்துக்கு எட்டுக் கட்டு.

எட்டுக் கட்டு உங்கள் ஊரில் நடக்குமா? வாட்ஸ்அப்பில் இலவசமாகப் பொங்கல் பானை அனுப்புகிற காலம் இது என்பதை மறக்காமல் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். நடக்காது என்று தோன்றினால் இப்போதே பயணத்தைச் சுருக்குங்கள். ஜனவரியில் சுருக்கினால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

2. தீர்மானம், அனுமதி, ஒப்புதல் கடிதம்

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கூட்டப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானத்தில் நான்கு விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: எதற்காகப் பணம் திரட்டுகிறோம், எந்த வங்கிக் கணக்கில் சேரும், யார் இருவர் கையாள்வார்கள், மிச்சமானால் என்ன செய்வோம். நான்காவதை யாரும் எழுதுவதில்லை. பிறகு 3,000 ரூபாய் மிச்சம் வந்து, அதற்கு ஏழு பேர் ஏழு யோசனை சொல்வார்கள்.

இந்தத் தீர்மானத்தின் நகலோடு தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். வாய்மொழி அனுமதி போதாது. தலைமையாசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள். புதிதாக வருபவர் தாளைத்தான் கேட்பார். பள்ளி வளாகத்தில் விற்கவும், மாணவரை வெளியூர் அழைத்துச் செல்லவும் தனித்தனி அனுமதி தேவைப்படும். சுற்றுலாவுக்குக் கல்வித் துறை அலுவலகத்தின் முன் அனுமதியைப் பள்ளி வழியாகத்தான் பெற வேண்டும். கோப்பு நகர நாளாகும் என்பதால் அட்டை வேலை தொடங்கும்போதே அந்தக் கடிதத்தையும் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோரிடம் இரண்டு ஒப்புதல் வாங்க வேண்டும். ஒன்று பயணத்துக்கு. மற்றொன்று ஓவியத்துக்கு. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை வரைந்த படத்தின் உரிமை அந்தப் பிள்ளையுடையது. பள்ளியில் வரைந்ததால் பள்ளிக்குச் சொந்தமாகிவிடாது. இப்படி நான்கு வரி போதும்:

“என் மகன் / மகள் வரைந்த ஓவியத்தைப் பள்ளிச் சுற்றுலா நிதிக்காக மட்டும் வாழ்த்து அட்டையாக அச்சிட்டு விற்கச் சம்மதிக்கிறேன். அட்டையின் பின்புறம் பெயரும் வகுப்பும் மட்டும் அச்சிடலாம். ஒளிப்படமோ முகவரியோ வெளியிடக் கூடாது. அசல் ஓவியத்தைத் திருப்பித் தர வேண்டும்.”

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். அசல் படம் வீட்டுக்குத் திரும்பாவிட்டால் அந்தப் பிள்ளை ஆண்டு முழுக்க உங்களைக் கேட்கும்.

3. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

டிசம்பரில்தானே கிறிஸ்துமஸ், நவம்பர் கடைசியில் தொடங்கினால் போதும் என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். அவர் அரையாண்டுத் தேர்வை மறந்துவிட்டார். தேர்வு டிசம்பர் நடுவில் வந்து உட்காரும். அது முடிந்ததும் விடுமுறை. பள்ளி திறந்த பிறகு பொங்கலுக்கு இருப்பது பத்து நாள் அளவுதான். கிறிஸ்துமஸ் அட்டை தேர்வு தொடங்குமுன் வீடு போய்ச் சேர வேண்டும், பொங்கல் அட்டை பள்ளி திறந்த அன்றே மேசையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது முட்டுக்கட்டை அச்சகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்களுக்கு நாட்காட்டியும் டைரியும்தான் உயிர். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டு நாட்காட்டி ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் தாள் ஓடுகிற இயந்திரத்தில் உங்கள் 2,000 அட்டை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும். நவம்பர் கடைசியில் தருவதாகச் சொன்ன அச்சகம் ஒன்று எங்களை டிசம்பர் மூன்றாம் வாரம் வரை இழுத்தடித்தது. கிறிஸ்துமஸ் அட்டைக்கு ஆர்டர் கொடுத்தவர்களில் சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தோம்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. காலாண்டு விடுமுறைக்குமுன் தீர்மானமும் அனுமதியும். விடுமுறை முடிந்து திறந்ததும் ஓவியம். தீபாவளி ஓய்ந்ததும் படங்களைத் தேர்ந்தெடுப்பதும் ஸ்கேனும் மாதிரி அட்டைகளும். நவம்பர் நடுவில் முன்பதிவு. நவம்பர் கடைசி வாரம் அச்சு. டிசம்பர் முதல் வாரம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு அட்டைகள் விநியோகம். ஜனவரி முதல் வாரத்திலிருந்து பொங்கல் அட்டைகள். ஜனவரிக் கடைசியில் கணக்கு முடித்து, பொதுத்தேர்வுப் பரபரப்பு தொடங்குமுன் பயணம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகள்தான் இதற்குத் தோது. பத்தாம் வகுப்பை இழுத்தால் பெற்றோரே தடுப்பார்கள்.

4. ஓவியம்: என்ன வரையலாம், எதைத் தவிர்க்க வேண்டும்

ஐம்பது பிள்ளைகளை உட்காரவைத்து ஒரே கோலத்தை நாற்பது முறை கையால் வரையச் சொல்லும் திட்டத்தை முதலிலேயே கைவிடுங்கள். மூன்றாவது அட்டையில் ஆர்வம் போய்விடும், பத்தாவதில் அது தண்டனை. ஆளுக்கு ஒரு படம் மனம்வைத்து வரையட்டும். அதை அச்சிட்டுப் பெருக்கலாம். கையால் செய்த அட்டையும் வேண்டும் என்றால் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தொட்டு அச்சுக் குத்தச் சொல்லுங்கள். ஒரு மதிய வேளையில் நூறு அட்டை ஆகிவிடும், ஒவ்வொன்றும் தனி அழகு. அதைக் கூடுதல் விலைக்கு விற்கலாம்.

அச்சுக்குப் போகிற படத்துக்குச் சில விதிகள் உண்டு. ஏ4 அல்லது ஏ5 அளவு வெள்ளைத்தாளில் வரையட்டும். ஏ4இல் பாதி ஏ5, அதில் பாதி ஏ6; இந்த அளவுகளின் நீள அகல விகிதம் ஒன்றே என்பதால் ஏ6 அட்டைக்குச் சுருக்கும்போது படம் வெட்டுப்படாது. நான்கு ஓரத்திலும் அரை அங்குலம் முக்கியமான எதுவும் வரக் கூடாது. வெட்டும்போது பானையின் வாயும் மாட்டின் கொம்பும் போய்விடும். தங்கம், வெள்ளி நிறப் பேனா, ஜிகினா இரண்டும் வேண்டாம். ஸ்கேனில் அவை சேற்று நிறமாகத்தான் விழும். ஒளிரும் ஸ்கெட்ச் பேனா நிறங்களும் அச்சில் மங்கிவிடும். மெல்லிய பென்சில் கோடு காணாமலே போகும். சாதாரண வாட்டர் கலர், போஸ்டர் கலர், அழுத்தித் தீட்டிய கிரேயான் ஆகியவை நன்றாக வரும்.

எதை வரையக் கூடாது என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள். தொலைக்காட்சிக் கார்ட்டூன் உருவங்கள், நடிகர் முகங்கள், இணையத்தில் பார்த்து வரைந்த படங்கள் எல்லாம் அடுத்தவர் உரிமை. விற்கிற பொருளில் வரக் கூடாது. இன்னொரு பொறி யாருக்கும் தெரிவதில்லை. தேசியக் கொடி, அரசு முத்திரைகள், காந்தி, நேரு படங்கள் ஆகியவற்றை வணிகத்துக்கு அனுமதியின்றிப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் தடை விதிக்கிறது. தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரையும் அரசு முத்திரைதான். பிள்ளைகள் ஆசையாக வரைவது இவற்றைத்தான், எனவே வரைந்த பிறகு நிராகரித்து அழவைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். சாமி படத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. ஆனால் அந்த அட்டையைக் குப்பையில் போட மனமில்லாமல் வாங்கவே தயங்குவோர் உண்டு.

தலைப்பைப் பொதுவாகக் கொடுத்தால் ஐம்பது பேரும் ஒரே பானை, இரண்டு கரும்பு, மலைக்கு நடுவில் சூரியன் என்று வரைந்துவிடுவார்கள். “உன் வீட்டு வாசலில் பொங்கலன்று காலையில் என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். தண்ணீர்க் குழாயும் சைக்கிளும் நாயும் உள்ளே வரும். வாங்குகிறவர்கள் நின்று பார்ப்பது அந்தப் படங்களைத்தான்.

பண்டிகை எதையும் குறிக்காத சில படங்களும் இருக்கட்டும்: மழை, பட்டம், கிணறு, காக்கை. உள்ளே வாசகம் அச்சிடாமல் விட்டால் பிறந்தநாளுக்கும் நன்றி சொல்லவும் ஆண்டு முழுக்க விற்கலாம். எந்த அட்டையிலும் ஆண்டை அச்சிடாதீர்கள். ஆண்டு அச்சிட்ட அட்டைக்கு ஜனவரி 16 அன்று எடைக்குப் போடும் விலைதான்.

தேர்வு செய்யும் வேலையைப் பள்ளிக்கு வெளியே உள்ள ஓவிய ஆசிரியரிடம் விடுங்கள், பெயரை மறைத்துக் கொடுங்கள். பெற்றோர் குழுவே தேர்வு செய்தால் தலைவர் மகனின் படம் தேறியதற்கு ஆயிரம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தேறாதவர்களுக்கு என்ன வழி என்பதை 6ஆம் படியில் சொல்கிறேன்.

5. முதலில் ஆர்டர், பிறகு அச்சு

மேலே சொன்ன 2,000 அட்டைக் கணக்குக்குத் திரும்புவோம். எல்லாம் விற்றால் வரவு 40,000, செலவு 16,000, நிகரம் 24,000. 400 அட்டைகள் விற்காமல் தங்கிவிட்டால் வரவு 32,000, அச்சுச் செலவு அதே 16,000, நிகரமும் 16,000தான். ஐந்தில் ஒரு பங்கு அட்டை தங்கினால் மூன்றில் ஒரு பங்கு லாபம் போய்விடுகிறது. விலையை 20இலிருந்து 25 ஆக்கலாமா என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் குழுக்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

வழி எளிது. தேர்வான படங்களில் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று பிரதிகள் மட்டும் டிஜிட்டல் அச்சில் (கணினியிலிருந்து நேராக எடுப்பது) எடுத்து, மடித்து, உறையோடு மாதிரிக் கட்டுகள் தயார் செய்யுங்கள். அதைக் காட்டி முன்பணத்தோடு ஆர்டர் வாங்குங்கள். ஆர்டர் வந்ததற்கு மேல் பத்து விழுக்காடு மட்டும் கூடுதலாக அச்சிடுங்கள். பணம் தராமல் “எனக்கும் பத்துக் கட்டு எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்பவரை அன்போடு கேட்டுக்கொண்டு, எழுதாமல் விடுங்கள்.

யாரிடம் போவது? பெற்றோரிடம் தொடங்கலாம், ஆனால் அவர்களோடு நிற்கக் கூடாது. இன்றும் மொத்தமாக வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆயுள் காப்பீட்டு முகவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் புத்தாண்டு, பொங்கல் அட்டை அனுப்புவது வழக்கம். நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவர், வழக்கறிஞர், கணக்குத் தணிக்கையாளர் ஆகியோரிடம் 50, 100 என்று கேட்கலாம். உள்பக்கத்தில் அவர்கள் கடைப் பெயரை ரப்பர் முத்திரையால் குத்திக்கொள்ள இடம் விட்டால் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள். முன்னாள் மாணவர்கள் மற்றொரு பெரிய வழி. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள தம் உறவினர்களுக்கு அனுப்பச் சொல்லிப் பணம் போடுவார்கள். தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் ஒரு மேசை போட அனுமதி கேளுங்கள். அங்கே ஒரு காலையில் விற்பது கடைத்தெருவில் ஒரு வாரம் விற்பதைவிட அதிகம்.

கடைக்காரர் நன்கொடையாகவே தருகிறேன், வருமான வரி விலக்கு ரசீது வேண்டும் என்று கேட்பார். அந்தத் தகுதி உங்கள் கழகத்துக்கு இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அட்டை வாங்குவது நன்கொடை ஆகாது.

6. உறை, தாள், அச்சகம்

முதலில் உறையை வாங்குங்கள். எழுத்துப் பிழை இல்லை, இதே வரிசைதான். அட்டையை அச்சிட்டுவிட்டு உறை தேடினால், கடையில் கிடைக்கும் உறை கால் அங்குலம் சிறியதாகவோ ஓர் அங்குலம் பெரியதாகவோ இருக்கும். கடையில் எப்போதும் கிடைக்கிற உறை அளவைப் பார்த்துவிட்டு அட்டை அளவைத் தீர்மானியுங்கள்.

நான் சொல்வது ஏ5 தாளை மடித்து ஏ6 ஆக்கும் அட்டை. இதற்கு அஞ்சல் காரணமும் உண்டு. உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் அஞ்சல் தலை போதும். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். 300 ஜிஎஸ்எம் தாளில் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள தாள்) ஏ5 அளவு 9 கிராம் சொச்சம். உறையோடு சேர்த்தாலும் 20க்குள் நிற்கும். அதே தாளில் ஏ4ஐ மடித்துப் பெரிய அட்டையாகச் செய்தால் அட்டையே 19 கிராமை நெருங்கிவிடும், உறை சேர்ந்தால் 10 ரூபாய் தலை. ஐந்து ரூபாய் ஒட்டிப் போட்டால் பெறுபவர் அபராதம் கட்டி வாழ்த்து வாங்க நேரிடும். அட்டைமேல் பொத்தானோ மணியோ ஒட்டும் ஆசையையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

தாள்: 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு பளபளப்பாக இருக்கும், ஆனால் உள்பக்கம் மையால் எழுதினால் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் வழவழப்பான போர்டு கேளுங்கள், அல்லது இருபுறமும் வழவழப்பில்லாத தாள். கடையில் பேனாவால் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மடிப்புக் கோடு இயந்திரத்தில் போடப்பட வேண்டும். கையால் மடித்தால் 300 ஜிஎஸ்எம் தாள் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும்.

டிஜிட்டலா, ஆஃப்செட்டா? பல படங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்த பிரதிகள் என்றால் டிஜிட்டல். 13க்கு 19 அங்குலத் தாளில் நம் அட்டை நான்கு வரும். தாள் விலையை நான்கால் வகுத்தால் அட்டை விலை. ஆஃப்செட் என்பது அச்சுத் தகடு செய்து பெரிய இயந்திரத்தில் ஓட்டுவது; அதில் படத்துக்குப் படம் தகட்டுச் செலவு உண்டு. ஒரே படம் ஆயிரத்தைத் தாண்டினால்தான் அது கட்டுப்படியாகும். நிறையப் பிள்ளைகளின் படம் வர வேண்டும் என்பதால் பள்ளிக்கு டிஜிட்டலே மேல். தன் பிள்ளையின் படம் உள்ள அட்டையைப் பெற்றோர் விடவே மாட்டார்கள், அந்த வகையில் விற்பனைக்கும் நல்லது.

மூன்று அச்சகங்களில் எழுத்தில் விலை வாங்குங்கள். அதில் தாள், அச்சு, வெட்டு, மடிப்புக் கோடு, ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். வெளியூர் அச்சகம் மலிவு என்றால் பார்சல் லாரிக் கூலியையும், அது வந்து சேரும் நாட்களையும் சேர்த்துக் கூட்டுங்கள். தரும் தேதியை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கி, பாதிப் பணத்தைக் கையில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாங்கள் முழுப் பணம் கேட்டவரிடம் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள்.

ஸ்கேன் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுத்தால் ஒரு மூலையில் நிழல் விழும். தமிழ் வாசகத்தை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினால், பழைய எழுத்துருக்களில் வேலை செய்யும் அச்சகங்களில் ஒற்றும் கொம்பும் இடம் மாறிப் போகும். இதற்கு நல்ல மாற்று, அழகான கையெழுத்துள்ள ஒரு மாணவி வாசகத்தைக் கறுப்பு மையில் எழுத, அதையே ஸ்கேன் செய்து சேர்ப்பது. அட்டைக்கும் அது பொருந்தும். எப்படியானாலும் தாளில் எடுத்த புரூஃபை, அதாவது சரிபார்க்கும் பிரதியை, தமிழாசிரியர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்கு விடுங்கள்.

தேறாத படங்களுக்கான வழி இதோ. ஐந்து அட்டைக் கட்டைச் சுற்றி ஒரு தாள் பட்டை ஒட்டுங்கள். அதில் வரைந்த எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் சிறிய எழுத்தில் வரட்டும். பாலித்தீன் உறை தேவையில்லாமல் போகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் அந்தத் தலைவலியும் இல்லை.

7. விற்பது பெரியவர்கள் வேலை

பிள்ளைகளைப் பஸ் நிலையத்திலும் கடைத்தெருவிலும் நிறுத்தி விற்கச் சொல்லக் கூடாது. பாதுகாப்புக் காரணம் வெளிப்படை. அதோடு, சீருடையில் ஒரு பிள்ளை கையேந்துவதுபோல் நிற்கும் ஒரு படம் யார் கைப்பேசியிலாவது சிக்கினால் பள்ளி பதில் சொல்ல வேண்டியிருக்கும். பள்ளி வாசல் மேசையில் பெரியவர் இருவர் பணத்தைக் கையாள, பிள்ளைகள் தங்கள் படத்தைப் பற்றிப் பேசட்டும். அது போதும்.

ஆளுக்கு இத்தனை கட்டு விற்றாக வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். யார் அதிகம் விற்றார் என்று பலகையில் எழுதாதீர்கள். ஒன்றுகூட விற்காத பிள்ளையும் அதே பஸ்ஸில்தான் போகிறது. 400 ரூபாய் தர இயலாத வீடுகள் எவை என்பது வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இந்த விதிகளைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு யாரும் மாற்ற முடியாது.

சில்லறைத் தொல்லைக்குத் தனி அட்டை 20, கட்டு 100 என்ற விலையே மருந்து. கடைசி நாளில் விலை குறைக்க வேண்டாம். அடுத்த ஆண்டு எல்லோரும் கடைசி நாளுக்குக் காத்திருப்பார்கள்.

8. பணமும் பதிவேடும்

பணம் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே சேர வேண்டும். “அவசரத்துக்கு என் கைப்பேசி எண்ணுக்கே அனுப்புங்கள்” என்று ஆரம்பித்தால் மார்ச் மாதம் வரை உங்கள் தனிக் கணக்கு அறிக்கையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருப்பீர்கள். கழகக் கணக்குக்கு கியூஆர் குறியீடு வேண்டும் என்றால் வங்கியில் அக்டோபரிலேயே கேளுங்கள். தீர்மான நகல், கையெழுத்திடுவோரின் அடையாளச் சான்று, பான் எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கணக்கில் கையெழுத்திடும் பழைய பொறுப்பாளர் மாறியிருந்தால் அதைத் திருத்தவே வாரங்கள் போகும்.

இதற்கெல்லாம் ஜிஎஸ்டி பதிவு வேண்டாமா என்று யாராவது பயமுறுத்துவார்கள். பொருள் விற்பனைக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். நம் அட்டை அந்தப் பக்கமே போகாது.

பதிவேடுகள் மூன்று போதும். முதலாவது, அடிக்கட்டை உள்ள, வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். இரண்டாவது, அட்டை இருப்புப் பதிவேடு: அச்சகத்திலிருந்து வந்தது, யாரிடம் எத்தனை கட்டு போனது, திரும்பியது. மூன்றாவது, நாள்வாரி ரொக்கப் பதிவேடு. மாலையில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்; இருவர் கையெழுத்திட வேண்டும்; மறுநாள் பணம் வங்கிக்குப் போக வேண்டும். வீட்டு அலமாரியில் ரொக்கம் தங்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு முன்பணம் டிசம்பரிலேயே கேட்பார்கள், ஆனால் அட்டைப் பணத்தின் பெரும்பகுதி ஜனவரியில்தான் வரும். பெற்றோர் தரும் 400 ரூபாயை முதலிலேயே வாங்கிவிட்டால் இந்த இடைவெளி அடைபடும். முன்பணம் கொடுக்குமுன் வண்டியின் பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட் ஆகியவற்றின் நகலை வாங்கித் தேதிகளைப் பாருங்கள். பயண நாளில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஓட்டுநர் உரிம நகலைப் பயணத்துக்கு முந்தைய நாள் வாங்கினால் போதும், யார் வருவார் என்பது அன்றுதான் முடிவாகும்.

9. முடித்துக் கொடுப்பது

பொங்கலுக்கு அடுத்த வாரம் விற்காத அட்டைகளை எண்ணி இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். பண்டிகை வாசகம் உள்ளவற்றை ஈரம் படாமல் கட்டி அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். வாசகமற்றவற்றில் பஸ் உரிமையாளர், ஓவிய ஆசிரியர், மொத்தமாக வாங்கிய கடைக்காரர்களுக்குப் பிள்ளைகள் கையால் நன்றி எழுதி அனுப்பட்டும். அடுத்த ஆண்டு ஆர்டர் கேட்டுப் போகும்போது அந்தக் கடையின் கண்ணாடிக்குக் கீழே அது இருக்கும்.

வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதிப் பயணத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பயணம் முடிந்ததும் உண்மையான செலவோடு மறுபடியும் ஒருமுறை. விலைப்பட்டியல்கள், ரசீது அடிக்கட்டைகள், ஒப்புதல் கடிதங்கள், அச்சகத்துக்குக் கொடுத்த கணினிக் கோப்புகள் அடங்கிய பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துத் தலைமையாசிரியர் அறையில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அசல் ஓவியங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போதும் ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.